ஒரே நீளத்தில் இரண்டு கால்கள்

ஜூன் 3

அக்கா,

இந்த வாரம் மூன்று முறை உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் கடையில் கூட்டமா, கண் எரிச்சல் குறைந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்தது வேறு. வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விசாரணை அலுவலகத்திலிருந்து உனக்கு ஒரு பதிவுத் தபால் வரும். அதில் ஒரு படிவம் இருக்கும். அது வரும் முன்பு நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

நவம்பரில் நாம் அடக்கம் செய்த பெட்டியில் இருக்கும் வலது தொடை எலும்பு அத்தானுடையது இல்லை.

இடது அவருடையதுதான். கல்யாணமான வருடம் பைக்கிலிருந்து விழுந்தபோது வைத்த எஃகுத் தகடு அதில் இருக்கிறது. தகட்டின் எண் மருத்துவமனைப் பதிவோடு ஒத்துப்போனது. வலது எலும்பைத் தேர்ந்தெடுத்தது நான் எழுதிய கணினி நிரல்.

அது எப்படி வேலை செய்கிறது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. மெத்தைத் தொழிற்சாலைத் தீயில் அத்தானையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். மிஞ்சியவை பெரும்பாலும் தொடை எலும்புகள். அந்தச் சூட்டில் மரபணு எதுவும் தங்கவில்லை. ஒவ்வொரு எலும்பையும் ஸ்கேன் செய்து, அதன் மேற்பரப்பில் சில ஆயிரம் புள்ளிகள் வைப்போம். ஓர் இடது எலும்பைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பினால் வலது எலும்பாகத் தெரியும். பிறகு கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு வலது எலும்போடும் அதை ஒப்பிடுவோம். இந்தப் புள்ளிக்கு அங்கே இணை எது, இந்த மேட்டுக்கு அங்கே எந்த மேடு என்று. எல்லாப் புள்ளிகளுக்கும் குறைந்த பிசகில் இணை கிடைக்கும் எலும்புதான் ஜோடி. அத்தானின் இடதுக்குக் கிடைத்த ஜோடி நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

மார்ச்சில் இடிபாடுகளைச் சலித்தபோது ஓர் இடுப்பெலும்பு கிடைத்தது. அதன் இடது குழியில் தகடு வைத்த எலும்பின் தலை கச்சிதமாக உட்காருகிறது. வலது குழியில் நாம் புதைத்தது உட்காரவில்லை. எலும்பு மருத்துவர் கண்டுபிடித்தார். ஜோடியில்லாமல் கிடங்கில் கிடக்கும் வேறொன்று அதில் உட்காருகிறது.

குழியைத் திறந்து மாற்றி வைக்க உன் கையெழுத்து வேண்டும்.

தங்கை

*

ஜூன் 9

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு அம்மாவுக்கு இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்தேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. அந்த அம்மா வாசல்படி வரை போய்த் தடுமாறித் திரும்பி வந்தார். "என்னம்மா, தரை மேல வருது" என்றார். எனக்கும்தான் என்று சொல்ல வந்தது.

படிவமும் வந்துவிட்டது. "உறவினரின் ஒப்புதல்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒப்பவில்லை.

கண்ணாடிக் கடையில் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? புதுக் கண்ணாடியை முகத்தில் வைத்துப் பார்த்து, கம்பியை வளைக்கிறேன். ஏனென்றால் ஒரு மனுஷ முகத்தில் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. மூக்கு நடுவில் இருந்தும் பார்த்ததில்லை. இதற்கு நான் எந்தப் பட்டமும் வாங்கவில்லை. நீ கம்ப்யூட்டரில் குதிரை உருவத்துக்கும் ஒட்டக உருவத்துக்கும் எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி என்று பொருத்திப் பட்டம் வாங்கியவள். அந்த ஒட்டகக்காரியிடம் நாற்பத்தொரு வீட்டு மனுஷர்களைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி. யாரோ ஊர் பேர் தெரியாதவர் என்றால் விடலாம். இது உன் அத்தான். பன்னிரண்டு வருடம் உன் எதிரில் நடந்தவர். பைக்கிலிருந்து விழுந்த பிறகு இடது கால் இரண்டு விரல் குட்டை. மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே அவர்தான் வருகிறார் என்று சொல்லலாம். ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக. "ஒன்றேகால்" என்று அவருக்குப் பெயர் வைத்தது யார்? "எண்ணா எழுதினா ஒன்றேகால், பிரிச்சு எழுதினா ஒன்றே கால், ரெண்டும் பொருந்துது அத்தான்" என்று விளக்கம் வேறு. அவர் சிரித்தார். நான்தான் உன்னைத் திட்டினேன். பிறகு தொழிற்சாலையில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அந்த ஒன்றேகாலின் இடது காலைக் கண்ணாடியில் திருப்பி, அதே மாதிரி ஒரு வலது காலைத் தேடியிருக்கிறாய். அவருக்கு அதே மாதிரி வலது கால் கிடையாது.

இடது காலுக்கு நான் அழுதது அவருக்குப் போயிருக்கும். வலது காலுக்கு அழுதது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

கையெழுத்துப் போட மாட்டேன். போன் செய்யாதே. எழுது. பேச்சில் நீ நழுவிவிடுவாய்.

*

ஜூன் 14

அக்கா,

நீ சொல்வது சரி. நிரல் எல்லா உடம்பும் சமச்சீரானது என்று எடுத்துக்கொள்கிறது. முறிந்து கூடிய எலும்பை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். குறிக்கவில்லை.

தப்பு நடந்த இடத்தை மட்டும் சொல்கிறேன். தகடு இருந்தால் நிரல் குழம்பும். அதனால் திரையில் தகட்டை அழித்தேன். முறிந்த இடத்தில் எலும்பு மேடு கட்டியிருந்தது. அதையும் தேய்த்து வழவழப்பாக்கினேன். எங்கள் துறையில் அதைச் சுத்தம் செய்வது என்போம். குட்டையும் வளைவும் அப்படியே நின்றன. ஏன் குட்டை, ஏன் வளைவு என்று சொல்லக்கூடியது போய்விட்டது. நீளத்தை வைத்துத் தடுத்திருக்கலாம். ஆனால் சூட்டில் எலும்பு சுருங்கும், நீளத்தை நம்பாதே என்று மருத்துவர்களே சொல்லியிருந்தார்கள்.

இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததாகச் சொல்கிறேன்.

கையெழுத்து எனக்காக இல்லை. புதைத்த அந்த வலது எலும்பு ஒரு சுமை தூக்குபவருடையது என்று மருத்துவர் இப்போது கண்டுபிடித்திருக்கிறார். அதே தொழிற்சாலையில் லாரியில் மெத்தை ஏற்றியவர். அவருடைய இடது எலும்பு கிடங்கில் இருக்கிறது. அதற்கு ஜோடி கிடைக்காததால் அது யாருடையது என்று இதுவரை தீர்மானிக்க முடியவில்லை. அதனால் அவர் வீட்டுக்கு எதுவுமே கொடுக்கவில்லை. அவர் மகள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். தையல் வேலை. வந்து உட்கார்ந்து ஒரு பட்டன் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு சட்டைகளுக்குப் பட்டன் தைப்பாள். பதினோரு மணிக்கு வரவேற்பாளர் தலையை ஆட்டுவார். எழுந்து போவாள்.

ஜோடியில்லாத ஓர் இடது, ஜோடியில்லாத ஒரு வலது. இரண்டும் ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக இருக்கின்றன. கீழ்த்தட்டில் இருப்பது அத்தானுடையது. நேராக, நீளமாக.

நீ கையெழுத்துப் போட்டால் இரண்டு வீட்டுக்கும் சரியாகிவிடும்.

தங்கை

*

ஜூன் 20

"சரியாகிவிடும்" என்ற சொல்லை நீ எழுதியிருக்கிறாய். பேனா நின்றதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. ஒரே ஓட்டமாக எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முறிந்ததைக் குறிக்கவில்லை, மேட்டைத் தேய்த்தேன், நீளத்தை நம்பவில்லை. எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. "மறந்துவிட்டேன்" என்று நீ எங்குமே எழுதவில்லை. மறந்திருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். சின்ன வயசில் கிண்ணத்தை உடைத்துவிட்டு, கிண்ணம் எத்தனை துண்டாக உடைந்தது என்று விவரமாகச் சொல்வாய்.

எனக்கு ஒரு நாள் ஞாபகம் வருகிறது. பெட்டியைக் கொடுத்த நாள். மூடியை ஒரு தடவை திறந்து தொட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டேன். நீ மூடியின் மேல் கையை வைத்தாய். "வேணாம் அக்கா, பார்த்தா தாங்க மாட்டே" என்றாய். நான் அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன். என் தங்கை எனக்காக எவ்வளவு யோசிக்கிறாள் என்று.

உன் கை மூடியை அழுத்தியது. விரல் நுனி வெளுத்திருந்தது. பிடித்துக்கொள்வதற்கு அவ்வளவு பலம் தேவையில்லை.

நான் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இல்லையா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

உனக்கு எப்போது தெரியும்? ஒரு வரியில் பதில் எழுது. துண்டுகளை எண்ணாதே.

*

ஜூன் 27

அடக்கத்துக்கு முன்பே.

ஒரு வரி கேட்டாய். மேலே இருக்கிறது. இனி எழுதுவதை நீ படிக்க வேண்டியதில்லை.

பொருந்திய ஜோடியைத் திரையில் வண்ணத்தில் காட்டும். இடதில் எந்த இடம் சிவப்போ, வலதில் அதன் இணையும் சிவப்பு. நீலத்துக்கு நீலம். தப்பான ஜோடி என்றால் நிறங்கள் திட்டுத்திட்டாகக் கலங்கும். இது கலங்கவே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக வழிந்தது. அழகாக இருந்தது. அந்த வாரம் கிடைத்ததிலேயே அதிக மதிப்பெண்.

இரண்டையும் எழுப்பி நிற்க வைத்தேன். ஒரே நீளம்.

இந்த இரண்டு காலில் நடந்தவர் நொண்டியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

அவ்வளவுதான். ஒரு நொடி. மாடிப்படிச் சத்தம் கேட்டது என்று எழுதினால் பொய். எதுவும் கேட்கவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நீ இருந்தாய். பதினோராவது நாள். தலையைச் சுவரில் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு செருப்பு காலில் இல்லை. உள்ளே எங்கள் தலைவர் வந்தார். "இன்னிக்கு எத்தனை முடிஞ்சுது?" என்றார். "ஒண்ணு" என்றேன். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினேன். வெளியே வந்து உன்னை எழுப்பி, "அக்கா, அத்தான் கிடைச்சிட்டார்" என்றேன்.

உனக்காகத்தான் என்று இந்த இடத்தில் எழுதினேன். அடித்துவிட்டேன். பாதி உனக்காக. மீதிப் பாதி, அந்த நிறங்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்ததனால். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பாதி பெரியது என்று என்னைக் கேட்காதே.

மருத்துவர் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? இதையும் நீ கேட்பாய். நானே எழுதிவிடுகிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

இதைப் படித்த பிறகும் நீ படிவத்தை மடித்து உள்ளே வைத்தால், அந்தத் தையல்காரப் பெண் திங்கட்கிழமைதோறும் வந்துகொண்டிருப்பாள். அது மட்டும் என் தப்பாக இருக்காது. இப்படி எழுதுவது கேவலம் என்று தெரிகிறது. அடிக்கவில்லை.

*

ஜூலை 22

நேற்றுத் திங்கட்கிழமை. உங்கள் கிடங்குக்கு வந்திருந்தேன். நீ இப்போதெல்லாம் திங்கட்கிழமை காலையில் உன் பல்கலைக்கழக வேலைக்குப் போய்விடுவாய் என்று வரவேற்பாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். நீ இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

படிவம் பையில் இருந்தது. கிழித்து அங்கேயே போட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் மூன்று மணி நேரம் ரயிலில் வந்தேன். நீ கடைசியில் எழுதிய அந்த வரிக்காக.

அவள் இருந்தாள். பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஊசியில நூல் கோத்துத் தர்றீங்களா, இந்த லைட்ல தெரிய மாட்டேங்குது" என்றாள். கோத்தேன். அவளுக்குக் கண்ணாடி வேண்டும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் இருக்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். அதைச் சொன்னேன்.

"உங்களுக்கு யாரு?" என்றாள்.

"வீட்டுக்காரர்."

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சுது."

"முழுசாவா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. பொறாமையாகவும் இல்லை. கடையில் சட்டை எடுத்தவரிடம் அளவு சரியா என்று கேட்பது மாதிரி கேட்டாள். நான் துடைப்பதை அவள் அழுகை என்று எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றினாள். அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க அப்பா கால் இருக்கே, வில்லு மாதிரி. அவர் நின்னா நடுவுல நாய் ஓடும். நெஜமாவே ஓடிச்சு ஒரு நாள். பாரம் தூக்கித் தூக்கி வளைஞ்சுதுன்னு அவர் சொல்லுவார். அம்மா சொல்லும், பொறந்ததே அப்படித்தான், பாரத்து மேல பழி போடறார்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வில்லை நான்தான் எட்டு மாதமாக வைத்திருக்கிறேன்.

"இங்க யாராவது உங்க அப்பா எப்படி நடப்பார்னு கேட்டாங்களா?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குக் கேக்கப் போறாங்க? அவங்ககிட்ட மெஷின் இருக்குல்ல."

பதினோரு மணிக்கு வரவேற்பாளர் தலையை ஆட்டினார். அவள் பட்டன் பையை மூடினாள். அவள் எழுவதற்குள் நான் போய்ப் படிவத்தை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குக் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

இரண்டு விஷயம். குழியைத் திறக்கும்போது நீ வரக் கூடாது. எலும்பை உன் கை தொடக் கூடாது. மற்றவர்கள் யார் வேண்டுமானாலும் தொடட்டும்.

மன்னிப்புப் படிவம் ஏதாவது அச்சடித்து வைத்திருந்தால் அனுப்பாதே.

*

ஆகஸ்ட் 11

அக்கா,

வரவில்லை. தொடவில்லை. மருத்துவரும் இரண்டு ஊழியர்களும்தான் வந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று ஒரு வரியில் எனக்குத் தகவல் வந்தது. நீ எப்படி நின்றாய் என்று மருத்துவரிடம் கேட்டேன். "நின்னாங்க" என்றார்.

அடக்கத்துக்கு முன்பே எனக்குத் தெரியும் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்கு எழுதிய அதே வரி. தலைவர் படித்துவிட்டு, "இதை ஏன்மா எழுதறே? தப்பு நிரல்லன்னு அறிக்கையே போயிடுச்சே" என்றார். நிரலுக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியும் என்றேன். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் வரை நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேசையில் இருப்பவர் காபி வாங்கப் போகும்போது எனக்கு வேண்டுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

நிரல் சேர்த்துவைத்தது இருபத்தாறு ஜோடிகள். எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கிறார்கள். இதுவரை நம்முடையதைத் தவிர இன்னும் ஐந்து தப்பு. அதில் இரண்டு பேருக்குக் காலில் பழைய முறிவு இருந்திருக்கிறது. ஒருவருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் மெலிந்திருக்கிறது. வீட்டில் கேட்டபோது உடனே சொன்னார்களாம்.

ஐந்து வீடுகள். ஐந்து படிவங்கள். இவற்றில் எதையும் நான் முன்பே தெரிந்துகொண்டு மறைக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் அங்கே வரலாமா? ஒரு நாள் போதும். வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 19

மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார்கள். யாரும் கை வைத்து அழுத்தவில்லை.

கீழ்த்தட்டு எலும்பை மருத்துவர் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இடதின் பக்கத்தில் வைத்தார். தலையைத் தலைக்கு நேராக வைத்தார். கீழே பார்த்தேன். இடது குட்டையாக நின்ற இடத்தில் என் இரண்டு விரலை வைத்தேன். சரியாக இருந்தது. தீயில் இரண்டும் ஒரே மாதிரி சுருங்கியிருக்கிறது போல. "இவர்தான்" என்றேன். மருத்துவர் தலையை ஆட்டினார். அவர் கையில் உங்கள் அட்டவணை இருந்தது. அதைப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. ஒரு நிமிஷம் கூட இல்லை.

அக்டோபரில் நான் உன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை உள்ளே கூப்பிட்டு அலமாரியைக் காட்டியிருந்தால் போதும். நாற்பத்தொரு வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பார். அந்தத் தாழ்வாரம் முழுக்க நாங்கள்தான் உட்கார்ந்திருந்தோம். எங்களைத் தாண்டித் தாண்டித்தான் நீ டீ குடிக்கப் போனாய்.

சுமைக்காரரை அவர் மகளிடம் கொடுத்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். போனேன். எதற்கு இத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். உன் அப்பா என் வீட்டுக்காரரோடு இருந்தார் என்று. எப்படி என்று கேட்டாள். சொன்னேன். ஒருத்திக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குணம் வீட்டில் ஒருத்திக்கு இருந்தால் போதும்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தையல் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. பிறகு, "அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"யாரு அவ உங்களுக்கு?"

நீ வர வேண்டாம். வாசல் வரைக்கும் கூட. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இனி யார் கேட்டாலும் சொல்வேன்.

"தெரிஞ்சவ" என்றேன்.